ஓராண்டுத் தலைவர்கள்

ஒரு சங்கத்தின் தலைவர் ஒரே வருஷத்தில் என்னதான் செய்து கிழித்துவிட முடியும்? பாராலீகல் என்றால் வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்ட வேலை செய்கிற உதவியாளர். அந்தப் படிப்பைச் சொல்லித்தரும் கல்லூரிகளுக்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. 1981-ல் தொடங்கியது, பெயர் அமெரிக்கன் அசோசியேஷன் ஃபார் பாராலீகல் எஜுகேஷன். அதன் தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். முதல் வருஷம் 'தலைவராகப் போகிறவர்', அடுத்த வருஷம் தலைவர், அதற்கடுத்த வருஷம் 'முன்னாள் தலைவர்' என்ற பெயரில் குழுவில் ஒரு நாற்காலி. அதோடு சரி. ஒருமுறை மாலை விழுந்தால் இருபது வருஷம் எழுந்திருக்காத சங்கத் தலைவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது.

ஆனாலும் நாற்பது வருஷத்தைத் தாண்டி அந்தச் சங்கம் ஓடுகிறது. எப்படி என்று தோண்டிப் பார்க்க ஆசை வந்தது. தலைவர்களின் பட்டியலை இங்கே எழுதப் போவதில்லை. அதைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். எனக்குப் பிடிபட்டது வேறு. இப்படிப்பட்ட சங்கத்தில் ஒரு தலைவர் செய்த வேலை நிலைக்க வேண்டுமானால், அது அடுத்தவர் கையிலிருக்கும் காகிதத்தில் ஏற வேண்டும். வழக்கறிஞர் சங்கத்தின் விதிகளில், ஒரு மாநிலத்தின் சட்டத்தில், ஒரு நீதிமன்றத்தின் ஆணையில். சொந்த லெட்டர்பேடில் எழுதிய தீர்மானம் மாநாட்டு மண்டபத்தில் நாற்காலிகளை மடிக்கும்போதே மறந்துபோகும்.

இதைப் பேச நான் யார் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் பி.எல். முடித்து, கொஞ்ச காலம் கறுப்பு அங்கியும் போட்டு, கல்யாணமாகி நியூஜெர்சி வந்தவள். இங்கே வக்கீலாவதற்கான 'பார்' தேர்வு எழுத வேண்டுமென்றால் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த சட்டக் கல்லூரியில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு மூன்று வருஷமும், நினைத்தாலே தலைசுற்றும் பணமும் வேண்டும். சரி, ஆகிற கதையைப் பார்ப்போம் என்று இரண்டு வருஷப் படிப்புகள் நடத்தும் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் பாராலீகல் சான்றிதழ் படித்தேன். சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. இப்போது வேலை முடிந்த பிறகு, அதே மாதிரி ஒரு படிப்பில் மாலை வகுப்பு ஒன்று எடுக்கிறேன்.

"பாராலீகல்னா நம்ம வக்கீல் குமாஸ்தா மாதிரியாம்மா?" என்று அப்பா போனில் கேட்டார். பாதி சரி. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுவது, வாய்தா தேதியைக் குறிப்பது, முத்திரைத்தாள் வாங்குவது என்று நம்மூர்க் குமாஸ்தா செய்வதில் பெரும்பகுதி இங்கே சட்ட அலுவலகச் செயலாளருடையது. பாராலீகல் அதற்கு மேலேயும் போவார். மனுவை வரைவார், முன்தீர்ப்புகளைத் தேடி எடுப்பார், கட்சிக்காரரை உட்காரவைத்து விவரம் கேட்பார், முந்நூறு பக்கச் சாட்சி வாக்குமூலத்தைப் பக்கம், வரி எண் போட்டுப் பத்துப் பக்கத்துக்குள் சுருக்கித் தருவார். ஆனால் கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடக் கூடாது, சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, ஃபீஸ் எவ்வளவு என்று பேசி முடிக்கக் கூடாது. செய்வதெல்லாம் ஒரு வழக்கறிஞரின் மேற்பார்வையில்.

இந்த வேலைக்கு முன்னோடி என்று பார்த்தால் சட்ட அலுவலகச் செயலாளர்கள்தான். 1929-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் யூலா மே ஜெட் என்ற பெண் தன்னைப் போன்ற செயலாளர்களைக் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். நால்ஸ் என்ற பெயரில் அது வளர்ந்தது. அந்தக் காலத்துச் சட்ட அலுவலகத்தில் மனு எப்படி இருக்க வேண்டும் என்று வழக்கறிஞரைவிட அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பெயரும் சம்பளமும்தான் அதற்கேற்ற மாதிரி இல்லை. இன்றைக்கும் அமெரிக்க பாராலீகல்களில் பெரும்பான்மை பெண்கள்தான்.

தனித் தொழிலாக இது தலைதூக்கியது அறுபதுகளில். லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்த காலம். கணவன் மனைவியான எட்கர் கானும் ஜீன் கேம்பர் கானும் ஏழைகளுக்கு அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று 1964-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மறுவருஷமே மத்திய அரசின் பணத்தில் சட்ட உதவித் திட்டம் வந்தது. வழக்கறிஞர்கள் போதவில்லை. அந்தந்தப் பகுதி ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வாடகைத் தகராறு, உதவித்தொகை விசாரணை போன்றவற்றைக் கவனிக்க வைத்தார்கள். சட்டப் பட்டம் இல்லாமல் சட்ட வேலை செய்யலாம் என்ற எண்ணம் பரவலாக நடைமுறைக்கு வந்த இடம் அதுதான்.

இங்கே என் முதல் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தலைவர் பதவியும் ஓராண்டுதான். 1964-65-ல் அந்த நாற்காலியில் இருந்தவர் லூயிஸ் பவல், வர்ஜீனியாக்காரர், பெரிய கம்பெனிகளின் வக்கீல், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசாங்கப் பணத்தில் சட்ட உதவி என்றால் அன்றைய வக்கீல்களில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பவல் பேசிச் சமாளித்து, 1965 பிப்ரவரியில் சங்கத்தின் பிரதிநிதிகள் அவையில் அந்தத் திட்டத்துக்கு ஆதரவுத் தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். அந்தத் தீர்மானம் இல்லாமல் போயிருந்தால் ஊர் ஊராக வக்கீல் சங்கங்கள் திட்டத்தை முடக்கியிருக்கும். ஓராண்டுத் தலைவர்தான், ஆனால் அவர் செய்தது அரசாங்கத்தின் திட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் நின்றது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1968-ல் வழக்கறிஞர் சங்கம் 'வக்கீல்களுக்கான உதவியாளர்கள்' பற்றி ஆராய ஒரு சிறப்புக் குழு போட்டது. 1970-ல் ஃபிலடெல்ஃபியாவில் பாராலீகல் பயிற்சிக்கென்றே ஒரு தனியார் நிறுவனம் திறந்தது. 1973-ல் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கம் நெறிமுறைகள் வகுத்தது. 1975-ல் முதல் அங்கீகாரங்கள் வந்தன. இதற்கிடையில் பாராலீகல்களே இரண்டு அணியாகச் சேர்ந்தார்கள். 1974-ல் என்எஃப்பிஏ என்ற கூட்டமைப்பு, 1975-ல் நாலா என்ற சங்கம். நாலா 1976-லேயே சான்றிதழ் தேர்வை ஆரம்பித்துவிட்டது. தேர்வு விருப்பப்பட்டவர்களுக்கு, கட்டாய உரிமம் எதற்கு என்பது அதன் நிலை. கூட்டமைப்போ அரசின் ஒழுங்குமுறை வரட்டும், வேலை எல்லையும் விரியட்டும் என்ற பக்கம். ஒரே தொழில், ஒரே மேஜை, இரண்டு சங்கம். நமக்குப் புதிதில்லை.

கவனியுங்கள், தொழிலுக்குச் சங்கம் வருவதற்கு முன்பே படிப்புக்கு விதி வந்துவிட்டது. அந்த விதியை எழுதியவர்கள் பாராலீகல்கள் இல்லை, வழக்கறிஞர்கள். ஆசிரியர்களுக்கென்று சங்கம் வந்த 1981-ல் மேஜை, நாற்காலி எல்லாம் போட்டு ஆகிவிட்டது. இனி எங்கே உட்காருவது என்பதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த கேள்வி.

இன்னொரு சங்கடமும் உண்டு. பாராலீகல் படிப்பின் இயக்குநர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் வழக்கறிஞர்களே. வேலை செய்து அனுபவப்பட்டு, சட்டப் பட்டம் இல்லாமல் வகுப்புக்கு வந்த பாராலீகல்கள் குறைவு. ஆக, வழக்கறிஞர் சங்கம் விதி போடுகிறது. வழக்கறிஞர்கள் பாடம் நடத்துகிறார்கள். படித்து வெளியே வருகிறவர் வழக்கறிஞருக்குக் கீழே வேலை செய்கிறார். இதில் ஆசிரியர் சங்கத்தின் தலைவர் யாருக்காகப் பேசுகிறார்? கல்லூரிக்காகவா, மாணவருக்காகவா, தொழிலுக்காகவா? மூன்றின் நலனும் எப்போதும் ஒன்றில்லை. கல்லூரிக்குச் சேர்க்கை வேண்டும். மாணவருக்கு வேலை வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர், ஆள் அதிகமானால் சம்பளம் இறங்குமே என்று பயப்படுவார்.

சங்கத்தின் அமைப்பைப் பார்த்தாலே அந்த இழுபறி தெரியும். ஒரு பக்கம் நாடு ஐந்து மண்டலமாகப் பிரிகிறது. இன்னொரு பக்கம் சான்றிதழ் படிப்பு, இரண்டு வருஷப் பட்டம், நாலு வருஷப் பட்டம் என்று படிப்பின் வகைக்கேற்பவும் குழுவில் இடம் வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் தருகிற பல்கலைக்கழகமும், நாலு வருஷம் படிக்கவைக்கிற கல்லூரியும், இரண்டுக்கும் நடுவில் கம்யூனிட்டி காலேஜும் ஒரே அறையில் உட்கார்ந்து 'தரமான படிப்பு எது?' என்று பேசினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் அடிப்படைத் திறன்கள் என்ற ஆவணம் வந்தது. ஒரு பாராலீகலுக்குச் சிந்தனைத் திறன், ஒழுங்குபடுத்தும் திறன், பேச்சு, சட்டத் தேடல், எழுத்து, கணினி, நேர்காணல், விசாரணை இவற்றில் என்னென்ன கைவர வேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. நன்றாகப் படிக்கிற மாணவர்களுக்காக லாம்ப்டா எப்சிலான் கை என்ற கௌரவ அமைப்பும் சங்கத்துடையதே. பட்டமளிப்பு நாளில் தோளில் ஒரு கயிறு தொங்கும், அம்மாக்கள் போட்டோ எடுப்பார்கள்.

ஆனால் அந்தச் சங்கத்தின் உண்மையான பிடி வேறொரு இடத்தில் இருக்கிறது. வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகார ஆணையத்தில் ஆசிரியர் சங்கத்தின் பிரதிநிதிக்கு ஓர் இடம் உண்டு. பதிலுக்கு, ஆசிரியர் சங்கத்தில் ஓட்டுரிமையோடு உறுப்பினராக வேண்டுமென்றால் அந்தக் கல்லூரி வழக்கறிஞர் சங்கத்தின் நெறிமுறைகளைப் பெருமளவு பின்பற்ற வேண்டும். நீ என் விதியை ஏற்றுக்கொள், நான் உனக்கு என் மேஜையில் இடம் தருகிறேன் என்கிற ஏற்பாடு. சரணாகதி என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விதி எப்படியும் வரப்போகிறது. எழுதுகிற அறையில் வகுப்பு எடுக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பது நல்லதுதானே.

அந்த விதி தரையில் எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் வருஷம் வந்துவிட்டால் எங்கள் இயக்குநரின் அறையில் உட்கார இடமிருக்காது. நாற்காலியெல்லாம் பைண்டர்கள். ஒவ்வொரு பாடத்தின் திட்டமும், ஒவ்வொரு ஆசிரியரின் தகுதியும், மாணவர் கருத்துக் கணிப்பும், ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்பும் தனித்தனித் தாவலில். ஆலோசனைக் குழுவில் வழக்கறிஞர் இருக்க வேண்டும், வேலையில் உள்ள பாராலீகல் இருக்க வேண்டும், பொதுமக்கள் தரப்பில் ஒருவரும் இருக்க வேண்டும். கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு. படிப்பு மொத்தம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 18 பொதுக்கல்வி, குறைந்தது 18 சட்டப் பாடம். சட்டப் பாடத்தில் ஒன்பது கிரெடிட்டாவது ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் வகுப்பாக நடக்க வேண்டும். பதிவு செய்த வீடியோவைப் போட்டுவிட்டு நழுவ முடியாது.

ஆய்வுக்கு வருகிற குழுவில் வேறொரு கல்லூரியின் பாராலீகல் ஆசிரியர் ஒருவரும் இருப்பார். அவர்தான் பயமுறுத்துவார். வழக்கறிஞர் நூலகத்தைப் பார்ப்பார், கட்டடத்தைப் பார்ப்பார், தலையாட்டுவார். ஆசிரியரோ மாணவர் எழுதிய பயிற்சித்தாளை உருவி எடுத்து, "இதற்கு ஏன் பி கொடுத்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். மேற்கோளில் பக்க எண் தப்பு, ஆனால் வாதம் சரி என்றேன். "உங்கள் அலுவலகத்தில் தப்பான பக்க எண்ணோடு நீதிபதிக்கு அனுப்புவீர்களா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார். சங்கத்தின் தலைமை என்று நான் நேரில் பார்த்தது அந்தக் கேள்வியைத்தான். மேடையில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தவர் காகிதம் என்றேனே, அதில் மிகப் பெரிய காகிதம் 1989-ல் வந்தது. மிசூரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கு. கான்சாஸ் சிட்டி பள்ளிக்கூடங்களில் இனப் பாகுபாட்டை ஒழிக்க நடந்த நீண்ட வழக்கில் ஜெயித்த தரப்பின் வக்கீல் செலவை மாநிலம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த பில்லில் பாராலீகல் வேலைக்கு மணிக்கு 40 டாலர் போட்டிருந்தார்கள். மாநிலம் மறுத்தது. வக்கீலுக்குப் பாராலீகலால் ஆகிற அடக்கச் செலவு எவ்வளவோ அதை வாங்கிக்கொள், சந்தை விலை எதற்கு என்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பிரென்னன் தீர்ப்பு எழுதினார். அந்த ஊரில் பாராலீகல் நேரத்தைத் தனியாக பில் போடுவது வழக்கமென்றால் சந்தை விலையே சரி என்றார். வக்கீல் செய்ய வேண்டியதைக் குறைந்த விலையில் பாராலீகல் செய்தால் வழக்கின் செலவு குறையுமே என்றும் சொன்னார்.

அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றை ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பில் வாசிக்க வைக்கிறேன். வெறும் எழுத்தர் வேலையை யார் செய்தாலும் பாராலீகல் விலைக்கு பில் போடக் கூடாது என்று சொல்கிற குறிப்பு. வாசித்த பிறகு ஆளுக்கொரு நேரக் குறிப்பு எழுதச் சொல்வேன். இங்கே நேரத்தை ஆறு நிமிஷத் துண்டுகளாக எண்ணுவார்கள், 0.1 என்றால் ஆறு நிமிஷம். போன வகுப்பில் ஒரு பையன், "ஆவணங்களை வரிசைப்படுத்தினேன், 2.0" என்று எழுதினான். ஒரு பைசா தேறாது. அதையே, "வாதியின் மருத்துவ ஆவணங்களை ஆராய்ந்து, சிகிச்சை இடைவெளிகளைக் குறித்துக் காலவரிசை தயாரித்தேன், 2.0" என்றால் தேறும். வேலை அதேதானே சார் என்று பக்கத்து பெஞ்சில் முணுமுணுப்பு, என்னைத்தான் சார் என்கிறார்கள், பழகிவிட்டது. அதே வேலையில்லை என்பதுதான் பாடம். தாளைத் தேதிவாரியாக அடுக்க யாராலும் முடியும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை இந்த ஆள் ஏன் டாக்டரிடமே போகவில்லை என்று கேட்கத் தெரிய வேண்டும்.

பாராலீகல் படிப்புக்கு விலை வந்தது அந்த 1989-லிருந்து என்பது என் எண்ணம். பயிற்சி பெற்ற ஆளின் நேரத்துக்குப் பணம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு, 'இவருக்குப் பயிற்சி உண்டு' என்று காட்ட ஒரு காகிதம் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்தைத் தருவது கல்லூரி. பத்து வருஷம் கழித்து கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி போனது. அங்கே பாராலீகல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள என்ன தகுதி வேண்டும் என்று 2000-ல் சட்டமே இயற்றினார்கள். வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த படிப்பின் சான்றிதழ் அந்தத் தகுதிகளில் ஒன்று. 24 கிரெடிட் சட்டப் பாடம் படித்த வேறு சான்றிதழும் ஏற்கப்படும். வகுப்பறையில் எண்ணிய கிரெடிட் மாநிலச் சட்டத்தின் வாக்கியமாகிவிட்டது.

எங்கள் நியூஜெர்சி அந்த வழியில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. ஒரே அலுவலகத்தில் சம்பளத்துக்கு இல்லாமல், பல வக்கீல்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சுயேச்சை பாராலீகல்கள் இங்கே உண்டு. அவர்கள் செய்வது அனுமதியில்லாத வக்கீல் தொழில் என்று மாநிலத்தின் ஒரு குழு கருத்துச் சொன்னது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 1992-ல் மாநில உச்ச நீதிமன்றம், வக்கீலின் மேற்பார்வை ஒழுங்காக இருந்தால் தப்பில்லை என்றது. பிறகு பாராலீகல் கல்வியையும் ஒழுங்குமுறையையும் ஆராய ஒரு குழுவைப் போட்டது. அந்தக் குழு 1998-ல் உரிம முறை கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. 1999-ல் நீதிமன்றம் வேண்டாம் என்றுவிட்டது. மேற்பார்க்கும் வக்கீலே பொறுப்பு, அது போதும் என்றது. வருஷக்கணக்கான உழைப்பு அலமாரிக்குப் போனது. அந்த அறிக்கையை ஏற்றிருந்தால் நியூஜெர்சியின் பாராலீகல் வகுப்புகள் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, மறைப்பானேன்.

கனடாவின் ஒன்டாரியோவில் கதை வேறு. 2007 மே மாதத்திலிருந்து அங்கே பாராலீகல்களுக்கு உரிமம், அதுவும் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அதே சட்டச் சங்கத்திடமிருந்து. ஸ்கார்பரோவில் நகைக்கடைக்கும் டேக்அவுட் கடைக்கும் நடுவே தமிழில் பாராலீகல் பெயர்ப்பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். போக்குவரத்து அபராதம், சிறு உரிமைகோரல் நீதிமன்றம், வீட்டுக்காரர் வாடகைதாரர் வழக்கு எல்லாம் அவர்களே நின்று வாதாடுகிறார்கள். தங்கள் பிரதிநிதிகளை அந்தச் சட்டச் சங்கத்தின் ஆட்சிக் குழுவுக்கு ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அமெரிக்கப் பாராலீகலுக்கு அந்த ஓட்டு இல்லை. தலைமை என்று எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு வித்தியாசத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

அமெரிக்காவில் அந்தக் கதவை முதலில் திறந்தது வாஷிங்டன் மாநிலம். 2012 ஜூனில் அதன் உச்ச நீதிமன்றம் ஒரு புது விதி கொண்டுவந்தது. குடும்ப வழக்குகளில், குறிப்பிட்ட எல்லைக்குள், வழக்கறிஞர் இல்லாமலே ஆலோசனை சொல்லவும் படிவங்கள் தயாரிக்கவும் 'சட்டத் தொழில்நுட்பர்' என்ற புது வகை ஆட்களுக்கு உரிமம். தலைமை நீதிபதி பார்பரா மேட்சன் அதற்கு முழு ஆதரவு. விவாகரத்துக்கு வக்கீல் வைக்க வசதியில்லாமல் தனியாகக் கோர்ட்டில் தடுமாறுகிறவர்களுக்கு இது உதவும் என்பது எண்ணம். 2015-ல் முதல் ஆட்கள் உரிமம் பெற்றார்கள்.

பாடத்தை யார் நடத்துவது? அடிப்படைப் பாடங்கள் கம்யூனிட்டி காலேஜ்களின் பாராலீகல் துறைகளில், குடும்பச் சட்டப் பகுதி வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் துணையோடு. நாற்பது வருஷமாக 'மேற்பார்வையின் கீழ்' என்றே பாடம் நடத்திய ஆசிரியர்கள் முதல்முறையாக, சொந்தக் கட்சிக்காரர் எதிரே உட்காரப் போகிறவருக்குப் பாடம் நடத்தினார்கள். இரண்டும் ரொம்பவே வேறு. மேற்பார்வைப் பாராலீகலுக்கு 'சந்தேகமா, வக்கீலைக் கேள்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். தனி உரிமம் உள்ளவருக்கு 'சந்தேகமா, இது உன் எல்லைக்குள் இருக்கிறதா என்று நீயே முடிவெடு, இல்லையென்றால் வாயைத் திறக்காதே' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2020 ஜூனில் அதே நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் திட்டத்தை மூட முடிவு செய்தது. செலவு அதிகம், ஆட்கள் சேரவில்லை என்பது காரணம். மேட்சன் எதிர்த்து எழுதினார். நடுவில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 2021 ஜூலைக்குள் முடிக்க வேண்டும் என்று முதலில் கெடு. பிறகு அது 2022 ஜூலை வரை நீண்டது. உரிமம் வாங்கியவர்கள் தொழிலைத் தொடரலாம். புதிதாக யாரும் வர முடியாது. எட்டு வருஷத்தில் ஒரு தொழில் பிறந்து வாசல் மூடிக்கொண்டது.

இதில் யார் மேல் தப்பு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரு நீதிமன்ற ஆணையை நம்பிப் பாடத்திட்டம் எழுதிய கல்லூரிகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என் வாதத்துக்கே இது ஒரு இடி. அடுத்தவர் காகிதத்தில் ஏறினால் நிலைக்கும் என்றேன். அடுத்தவர் காகிதத்தை அடுத்தவர் கிழிக்கவும் முடியும். ஆசிரியர் சங்கத்தின் கையில் அப்போது மிஞ்சுவது அந்த அடிப்படைத் திறன்கள் ஆவணம் மாதிரி சொந்தச் சரக்குதான். அதையும் ஓராண்டுத் தலைவர் ஒருவர் தனியாக எழுதவில்லை; ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஒரே ஆள் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால் அது அவருடைய கல்லூரியின் பாடத்திட்டம் மாதிரியே ஆகியிருக்கும் என்பது என் சந்தேகம். நாற்காலி சீக்கிரம் கைமாறுவதில் அப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

வாஷிங்டன் மூடினாலும் மற்றவர்கள் நிற்கவில்லை. யூட்டாவில் 2019-ல் நாலு பேரோடு உரிமப் பாராலீகல்கள் தொடங்கினார்கள். அரிசோனா 2021-ல். ஓரிகன் 2022-ல் விதியை ஏற்று 2024-ல் ஆட்களைக் களத்தில் இறக்கியது, குடும்ப வழக்கும் வாடகை வழக்கும். கொலராடோவும் 2024-ல். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு எல்லை, ஒவ்வொரு தேர்வு. இந்தக் குழப்பத்துக்கு நடுவே 'என்ன படித்திருந்தால் போதும்' என்ற ஒரு வரிதான் எல்லா விதிகளிலும் வருகிறது. அந்த வரியை எழுதும்போது ஆசிரியர் சங்கத்தின் ஆள் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் முன்னாள் பாராலீகலாக இருந்தால் இன்னும் நல்லது. சட்டப் பட்டம் இல்லாமல் கட்சிக்காரரை எதிர்கொண்டவருக்குத்தான் எங்கே கால் இடறும் என்று தெரியும்.

நியூஜெர்சியில் விதி மாறவில்லை. ஆனால் எங்கள் கவுண்டி கோர்ட்டின் குடும்பப் பிரிவில் போய் உட்கார்ந்து பாருங்கள், வக்கீல் இல்லாமல் கையில் படிவத்தோடு நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள். அதனால் வரப்போகிற ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு, குடும்ப நீதிமன்ற நடைமுறைக்கு மூன்று கிரெடிட்டில் தனிப் பாடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இயக்குநர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனை. எந்தப் பாடத்தை எடுக்கட்டும், சொல்" என்றார். ஒப்பந்தச் சட்டமா, சொத்துரிமையா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.